புதுப்பேட்டை கோவிந்தம்மாவுக்கு வந்த கடிதம்

சித்தூரில் நான் வேலை செய்துகொண்டிருந்த வேர்க்கடலை மில்லை ஒரு தை வெள்ளிக்கிழமை காலையில் பூட்டிவிட்டார்கள். நாங்கள் பதினொரு பெண்கள் வழக்கம்போலச் சோற்றுத் தூக்கோடு போய் நின்றோம். வாசலில் பெரிய பூட்டு. காவல்காரர் மட்டும் இருந்தார். "இனிமே மில்லு கிடையாதும்மா, வூட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த தகவல்.

எங்கள் பஜனை மண்டலியில் ஆளுக்கு ஒன்றாகச் சாமி அருளிய அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பெரிய பெரிய அற்புதங்களைச் சொல்லுகிறவர்களுக்கு நடுவில் நான் சொல்லப்போவது ஒரு தபால் கடிதத்தைப் பற்றி. ஆனாலும் அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அதனால் சொல்லுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதே மில்லில் மூட்டை ஏற்றும் வேலை செய்தார். மில் பூட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் விஷ ஜுரம் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டார். எங்கள் மகள் அலமேலுவுக்கு அப்போது இரண்டு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கடலை பொறுக்கினேன். அந்த வேலையும் போயிற்று.

வேலையை நிறுத்தினால் நஷ்டஈடு கேட்கலாம், சர்க்காரில் அதற்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பதினொரு பேரும் போனோம். மனுவைத் தெலுங்கில்தான் எழுதவேண்டும் என்றார்கள். அங்கே இருந்த குமாஸ்தா ஒருவர் மனசு இரங்கி அவரே எழுதிக் கொடுத்தார். பத்துப் பேர் கட்டைவிரலை வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனாவது படிச்சே?"

"எட்டாவது பாஸ் சாமி."

"எட்டாவது படிச்சிட்டு ஏம்மா கடலை பொறுக்கிக்கினு இருந்தே?"

எட்டாவது படித்தவள் வேறு என்ன செய்யலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். வேலை தேடுகிறவர்கள் பெயர் பதிவு செய்துகொள்ள ஓர் ஆபீஸ் இருக்கிறது, அடுத்த தெருவிலேயே. திருப்பதி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழகுவதற்குப் பெண்களை எடுக்கிறார்கள். இரண்டு வருஷப் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு, மாதாமாதம் உதவித்தொகை. முடித்தால் சர்க்கார் வேலை. எட்டாவது போதும். விதவைகளையும் எடுத்துக்கொள்வார்கள். "ஆனா வயசு வரம்பு உண்டு. உனக்கு எத்தனை?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ இந்த வருஷம்தான். அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிடமாட்டாங்க" என்றார்.

அன்றைக்கே போய்ப் பதிவு செய்தேன். ஒரு சிறிய அட்டை கொடுத்தார்கள். அதில் ஒரு நம்பர். என் பெயர், ஊர் புதுப்பேட்டை. அந்த அட்டையைக் கல்யாணப் புடவைக்குள் மடித்து வைத்தேன். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

சித்தூரில் குடியிருந்த குடிசையைக் காலி செய்துகொண்டு புதுப்பேட்டைக்கு என் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். சித்தூர் ஜில்லாவிலேயே, பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். எங்கள் ஜனங்களுக்கு அப்போது கையகல நிலம்கூடக் கிடையாது. மற்றவர் கழனியில் நாற்று நடுவோம், களை எடுப்போம். நைனா எல்லப்பன் அதிகம் பேசமாட்டார். நான் படித்த எட்டாவதும் அவர் பிடிவாதத்தால் படித்ததுதான். ஆனால் அட்டையைக் காட்டியபோது, "சர்க்காரு நம்ம வூட்டைத் தேடிக்கினு வருமா, பாப்பா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

அந்தப் பங்குனியில்தான் எல்லை மாறியது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் போனதிலிருந்தே எந்த ஊர் யாருக்கு என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. கடைசியில் முடிவு கட்டினார்கள். திருத்தணி பக்கத்து ஊர்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. அந்தப் பக்கத்திலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் சித்தூர் ஜில்லாவுக்கு வந்தன. எங்கள் ஊரில் ஒரு கல்லும் அசையவில்லை. அதனால் இந்த எல்லைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்.

ஆனி மாதம் சித்தூர் போய் அட்டையைப் புதுப்பித்தேன். "லிஸ்ட் தயாராகுது. புரட்டாசிக்குள்ள கடுதாசி வரும்" என்றார்கள். ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. களை எடுக்கும்போது தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். பக்கத்தில் வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அது இன்னும் வலித்தது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பாலசமுத்திரம் கடைத்தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என்னோடு எட்டாவது படித்தவளின் தங்கை. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. "உனக்கு வரலியாக்கா?" என்று கேட்டாள். வாங்கிய உப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம், "நாளைக்குத் திருப்பதி மலைக்குப் போறேன்" என்றேன்.

எங்கள் ஜனங்கள் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்து அப்போது பத்துப் பன்னிரண்டு வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நைனா திருப்பதிக்குப் போனாலும் மலையடிவாரத்து அலிபிரியிலேயே மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். "இங்கேர்ந்தே அவனுக்குத் தெரியும்" என்பார். பழகிப்போன பயம் அது. நான் முதல் முறையாக மேலே போனேன். தனியாகத்தான் போனேன்.

படியேறும்போது என்ன என்ன கேட்கவேண்டும் என்று மனசில் வரிசையாகக் கட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்காரர் போனதைச் சொல்லவேண்டும். அலமேலுவைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது வரம்பைச் சொல்லவேண்டும். புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம். மணிக்கணக்கில் நின்றேன். கடைசியில் சந்நிதிக்கு நேரே வந்தபோது பின்னாலிருந்து தள்ளினார்கள். கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். கட்டி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. "கடுதாசி" என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது. அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு தூரம் ஏறிவந்து, ஒரு பிரார்த்தனையைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் என்று என் மேலேயே கோபம் வந்தது.

திங்கட்கிழமை சித்தூர் ஆபீஸுக்குப் போனேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அட்டையைப் பார்த்தார்கள், பெரிய நோட்டைப் புரட்டினார்கள். "உனக்கு அனுப்பியாச்சேம்மா" என்றார்கள். எந்தத் தேதியில் அனுப்பியது என்றும் சொன்னார்கள். எனக்கு வரவில்லை என்றேன். கடிதம் இல்லாமல் போனால் ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டார்கள், தபால் ஆபீஸில் விசாரித்துப் பார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார், உன் பெயருக்கு ஒன்றும் வரவில்லை என்று. அந்த மனுஷன் பொய் சொல்லுகிறவர் இல்லை.

அனுப்பியது உண்மை. வராததும் உண்மை. அன்றைக்கு எனக்கு வந்த மனக்கசப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாமி படத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கமாக வைத்தேன். நைனா பார்த்தார். அவரே அதைத் திரும்ப நேராக வைத்தார்.

புதன்கிழமை உச்சிவேளை. ஒரு பெண் எங்கள் தெருவுக்குள் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். காலெல்லாம் புழுதி. கையில் ஒரு துணி மூட்டை. "இங்க கோவிந்தம்மா வூடு எது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நான்தான். நீ யாரு?" என்றேன்.

"நானும் கோவிந்தம்மாதான்" என்றாள். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் ஊரும் புதுப்பேட்டை. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற புதுப்பேட்டை. பங்குனிக்கு முன்னால் அது செங்கல்பட்டு ஜில்லா. எல்லை மாறியதும் எங்கள் ஜில்லாவில் இரண்டு புதுப்பேட்டை ஆகிவிட்டன. இரண்டிலும் எட்டாவது படித்த ஒரு கோவிந்தம்மா. இரண்டு பேருமே ஒரே வேலைக்குப் பதிவு செய்திருந்தோம். எனக்கு எழுதிய கடிதத்தில் அவள் விலாசம் ஏறி, அவள் வீட்டுக்குப் போய்விட்டது.

மூட்டையை அவிழ்த்துக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. மேலே என் நம்பர்.

"எப்போ வந்தது இது?"

"எட்டு நாள் ஆச்சிக்கா."

உள்ளேயிருந்து நைனா வெளியே வந்தார். "எட்டு நாளா வச்சிக்கினு இருந்தியா? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அங்க நிக்கணும். தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். நைனா கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "மொத நாளே தெரியும் நைனா. நம்பரு வேறயா இருந்திச்சி. பேரும் ஊரும் நம்மளுதுதானே, யாரு கேக்கப் போறாங்கன்னு வச்சிக்கினேன். போன சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு எடுத்துக்கினு போனேன், சாமி பாதத்துல வச்சி வாங்கலாம்னு. அங்க அத்தினி பேரும் கோவிந்தா, கோவிந்தான்னு கூவறாங்க. என்னியக் கூப்பிட்டுக் கேக்கற மாதிரியே இருந்திச்சி. வெளிய ஓடியாந்துட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு புதுப்பேட்டை எங்க கீதுன்னு விசாரிச்சிக் கண்டுபிடிக்க இத்தினி நாளாச்சி."

அதே சனிக்கிழமைதான் நான் மலைமேல் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அந்த நிமிஷம் சிலிர்க்கவில்லை. கோபம்தான் வந்தது. அவளை ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் சர்டிபிகேட்டுகளைத் தேடி எடுக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது நைனா ஒரு சொம்பு கூழை அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். "குடி. வெயில்ல நடந்து வந்துகீறே" என்றார். அவள் குடித்தாள்.

கிளம்பும்போது, "நானும் வரேன்க்கா" என்றாள்.

"நீ எதுக்கு?"

"விலாசம் என்னுது போட்டிருக்கு. அங்க எதுனா கேட்டாங்கன்னா நான் சொல்றேன்."

வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. அலமேலுவை நைனாவிடம் விட்டுவிட்டு, பஸ் போகும் பாட்டை வரைக்கும் நடந்து, புத்தூருக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து திருப்பதிக்கு ஒரு பஸ். வழி முழுக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். திருப்பதியில் ஒரு சத்திரத்தில் படுத்தோம். அவள் மூட்டையில் இருந்த வறுத்த கடலையை எடுத்துப் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். பசி. வாங்கித் தின்றேன்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்பது பெண்களுக்கு மேல் நின்றார்கள். வரிசை நகரவில்லை. அங்கே நின்றபோதுதான் அவளிடம் கேட்டேன், உனக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று.

"எனக்கு இப்போதிக்கு இல்லக்கா. நான் ஆனி மாசம்தான் பதிஞ்சேன்" என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள்போல், மூட்டையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தாள். "முன்னே அந்த ஜில்லாவுல பதிஞ்சி வச்சிருந்தேன். எல்லை மாறினதும் இது செல்லாதுன்னுட்டாங்க. புதுசா பதின்னாங்க. இன்னா பண்றது? கடைசியில போய் நின்னேன்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவள் முதலில் பதிந்தது எனக்கு இரண்டு வருஷம் முன்னால்.

பதிந்த வரிசைப்படிதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பழைய அட்டை செல்லும் என்றால், எனக்கு முன்னால் கூப்பிடவேண்டியது இவளை. எந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டாள் என்று இவள்மேல் கோபப்பட்டேனோ, அது நியாயமாக இவளுக்கே வந்திருக்கவேண்டியதாக இருக்கலாம். இவள் ஊர் அசையாமல் இருந்தும் இவள் காலுக்குக் கீழே ஜில்லா மாறிவிட்டது. இவள் காத்திருந்த இரண்டு வருஷமும் போய்விட்டது. அவளுக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை. எனக்குத்தான் தோன்றிற்று.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். எனக்கு இதுதான் கடைசி வருஷம். அலமேலு இருக்கிறாள். சாமி எனக்கென்று அனுப்பிய கடிதம் இது. இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் பெரிய டாக்டரம்மா. பக்கத்தில் ஒரு குமாஸ்தா. டாக்டரம்மா தெலுங்கில் பேசினார், நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். ஒரு தெலுங்குப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தட்டுத்தடுமாறிப் படித்தேன். பரவாயில்லை என்று தலையாட்டினார். அப்போது குமாஸ்தா என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு லிஸ்டைப் பார்த்தார். "லிஸ்டில் தகப்பனார் முனுசாமி, சத்தியவேடு என்று இருக்கிறது. இந்த அம்மா எல்லப்பன் மகள், பாலசமுத்திரம் என்கிறாள். இது வேறே ஆள்" என்றார். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

கதவோரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவள்தான் உள்ளே வந்தாள். "முனுசாமி எங்க நைனாங்கம்மா. அந்த விலாசம் என்னுது. நம்பரு இவங்களுது" என்று தன் புது அட்டையை மேஜைமேல் வைத்தாள். நானும் என் அட்டையை வைத்தேன். நம்பர்களைச் சரிபார்த்தார்கள்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மீரு இத்தரூ கோவிந்தம்மலேனா?" என்று, நீங்கள் இரண்டு பேருமே கோவிந்தம்மாதானா என்று கேட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்று தலையாட்டினோம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைக் கேட்டார், இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீயே வந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே, ஏன் வரவில்லை என்று.

"அது என் நம்பர் இல்லீங்கம்மா" என்றாள்.

குமாஸ்தா லிஸ்டைத் திருத்தினார். என் பெயருக்கு நேரே சிவப்பு மசியால் ஒரு குறி போட்டார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே போகவேண்டியதுதான் பாக்கி.

போக முடியவில்லை. யார் என்னை நிறுத்தினார்கள் என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான் தெரியும். கதவுவரை போனவள் திரும்பி வந்தேன். "அம்மா, இவகிட்ட இன்னொரு அட்டை இருக்குது. பழைய ஜில்லாவுல பதிஞ்சது. எனக்கு ரெண்டு வருஷம் முந்தி. அதைப் பார்த்தா இவதான் முதல்ல வரணும்" என்றேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், வேண்டாம் என்று.

டாக்டரம்மா அந்தப் பழைய அட்டையை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தார்.

"இதைச் சொன்னால் உன் இடம் போய்விடலாம் என்று தெரியுமா உனக்கு?"

"தெரியுங்கம்மா."

"பிறகு ஏன் சொன்னாய்?"

"அவ என் கடுதாசியக் கொண்டாந்து குடுத்தாம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இந்த வருஷத்து லிஸ்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, உன் இடம் உன்னுடையதுதான். ஆனால் எல்லை மாறியதால் ஒருத்தியின் பழைய பதிவு வீணாகக்கூடாது. இரண்டு நம்பரையும் போட்டு ஒரு மனு எழுதிக் கொண்டு வாருங்கள், நான் கையெழுத்துப் போட்டு சித்தூருக்கு அனுப்புகிறேன்.

வராந்தாவில் தரையில் உட்கார்ந்து நானே அந்த மனுவைத் தெலுங்கில் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இரண்டு வரியை டாக்டரம்மாவே திருத்தினார். அன்று சாயங்காலம் புத்தூர் பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் பிரிந்தோம். பஸ் கிளம்பும்வரை அவள் கையை நான் விடவில்லை.

ஐப்பசியில் பயிற்சி தொடங்கியது. அலமேலுவைப் பிரிந்து தேம்பிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம், குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ரத்தத்தைப் பார்த்து மயங்கி மயங்கி விழுந்து, என்னால் ஆகாது என்று ஊருக்குப் போய்விட்டாள். ஓர் இடம் காலியாயிற்று. அடுத்த திங்கட்கிழமை நான் துணி துவைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "அக்கா" என்று ஒரு குரல். அதே துணி மூட்டையோடு அவள் நின்றாள். பழைய பதிவு செல்லும் என்று சித்தூரில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். காத்திருந்தவர்களில் அவள்தான் முதல்.

ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

வகுப்பில் எங்களைப் பெத்த கோவிந்தம்மா, சின்ன கோவிந்தம்மா என்று கூப்பிட்டார்கள். பெத்த என்றால் தெலுங்கில் பெரிய. அவள் ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம், அதனால் எனக்குத் தெலுங்குப் பாடத்தில் அவள் பாதி உதவி, அவளுக்குப் பிரசவ அறையில் பயம் வந்தால் நான் பாதி உதவி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா அலமேலுவைக் கூட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நைனா, இன்னிக்கு மேல போலாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அலமேலுவைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். சந்நிதியில் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "நல்லாத்தான் நிக்கறான்" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இப்போது எங்கள் பக்கத்து ஏழு கிராமங்களுக்கு மருத்துவச்சி. அலமேலு திருப்பதியில் காலேஜில் படிக்கிறாள். சின்ன கோவிந்தம்மா நாகலாபுரத்துப் பக்கம் வேலை பார்க்கிறாள். மில் பெண்கள் பதினொரு பேர் போட்ட அந்த நஷ்டஈட்டு மனு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். அவர்களில் இரண்டு பேரின் மகள்களுக்கு இந்தக் கையால்தான் பிரசவம் பார்த்தேன். தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற பெண்கள் என்னிடம் வந்து, "மலைக்குப் போனா கிடைக்குமா அக்கா?" என்று கேட்கிறார்கள். போ என்றுதான் சொல்லுகிறேன். போய்க் கும்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸுக்கும் போ. அட்டையைத் தவறாமல் புதுப்பி. நேரம் கிடைக்காவிட்டால், சொல் வராவிட்டால், பயப்படாதே. ஒரே ஒரு சொல் போதும், மிச்சத்தை அவன் தெரிந்துகொள்வான். நான் அனுபவித்துச் சொல்லுகிறேன்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். அன்றைக்கு மலையில் நான் எனக்கு மட்டும்தான் கேட்டேன். அவன் இரண்டு பேருக்குக் கொடுத்தான். இப்போது நான் சந்நிதியில் நின்றால் முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.